மார்பின் பாரத்தைக் குறைக்க நினைக்கும் மகளுக்கு

மகளே,

நான் சுகமாக இருக்கிறேன் என்று எழுதினால் நீ நம்பப் போவதில்லை. ஆகவே ஆடு சுகமாக இருக்கிறது, ஓடு இந்த மழைக்கும் ஒழுகவில்லை, கிணற்றடிப் பலா இந்த வருஷமும் காய்க்காமல் ஏமாற்றிவிட்டது என்று எழுதித் தொடங்குகிறேன். உன் கடிதத்தை அஞ்சல்காரர் நேற்றுக் கொண்டுவந்து தந்தார். திருவனந்தபுரத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்திச்சி வேலைக்குப் போனதிலிருந்து உன் கடிதங்கள் ஒரு பக்கத்தைத் தாண்டியதில்லை. இது கனமாக இருக்கவும், கல்யாணச் சேலை விவரமாகத்தான் இருக்கும் என்று எண்ணி அடுக்களை வாசலில் நின்றபடியே பிரித்தேன். படித்து முடிக்கும்போது சோறு அடிப்பிடித்து வீடெல்லாம் வாடை. மத்தியானம் அதையே சாப்பிட்டேன். ஒருத்திக்கு மட்டும் பொங்குகிற சோறு எப்படி இருந்தால் என்ன.

கழுத்துவலியைப் பற்றியும் தோளில் விழுந்த பள்ளத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறாய். கரும்பலகையில் எழுதப் பக்கவாட்டில் திரும்பினால் பின்வரிசைப் பெண்கள் சிரிக்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறாய். அங்குள்ள பெண்கள் ஆஸ்பத்திரியின் லேடி டாக்டர் உன்னைப் பார்த்துவிட்டு, மார்பை அறுத்துச் சிறிதாக்கலாம், கல்யாணத்துக்கு முன்னாலேயே செய்துவிடலாம் என்று சொன்னாராம். கடைசியில், “அம்மா, நீ செய்துகொண்டவள்தானே, அது நல்லதா கெட்டதா என்று ஒரு சொல்லில் எழுது” என்று கேட்டிருக்கிறாய். ஒரு சொல்லில் எழுத என்னால் ஆகாது. ஆபரேஷன் நடந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இத்தனை காலத்தில் என்னிடம் இதைக் கேட்டவர்கள் யாருமில்லை. யாரும் கேட்காததால் சொல்லவேண்டியது நிறையச் சேர்ந்துபோயிருக்கிறது. படித்தபின் இதை ஒளித்துவைக்கவும் வேண்டாம். உன் விடுதியில் உன்னைப்போலக் கூனி நடக்கிற பெண் எவளாவது இருந்தால் அவளுக்கும் வாசிக்கக் கொடு. எனக்கு வெட்கமில்லை, படவேண்டிய வெட்கத்தையெல்லாம் பட்டு முடித்தாயிற்று.

நீ அப்போது எட்டு வயதுப் பிள்ளை. இரணியலில் என் அக்கா, உன் பெரியம்மை வீட்டில் உன்னை விட்டுவிட்டுப் போனோம். அம்மைக்குச் சுகமில்லை என்று மட்டும் உனக்குச் சொல்லியிருந்தார்கள். திரும்பி வந்த அன்று நீ ஓடிவந்து, தூக்கச் சொல்லிக் கையை நீட்டினாய். நான் தூக்கவில்லை. அந்தக் கோபத்தில் நீ என்னோடு பேசாமல், சாப்பாட்டைக்கூட அப்பா கையால்தான் வாங்கினாய். உனக்கு நினைவிருப்பது இவ்வளவுதான். மீதியை இப்போது தெரிந்துகொள்.

சிறு வயதிலேயே என் மார்பு மற்றப் பெண்களை முந்திக்கொண்டது. கூனி நின்றால் தெரியாது என்று நினைத்துக் கூனினேன். அது தெரியத்தான் செய்தது, கூனும் நிலைத்துவிட்டது. மிஷன் வளவில் மேஜைவிரிப்பு ஓரத்துக்கு வைக்கிற ரேந்தை பின்னக் கற்றுக்கொண்டபோதுதான் என் கஷ்டம் எனக்கே முழுதாகப் புரிந்தது. மடியில் உருண்டைத் தலையணையை வைத்து, நூல் சுற்றிய குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டு, குண்டூசி குத்திக் குத்திப் பின்னுகிற வேலை அது. மற்றவர்களுக்குத் தலையணை மடியில் இருக்கும். எனக்கு முழங்காலில் இருக்கும். நடுவில் மறைத்துக்கொண்டிருந்தால் குச்சி எப்படிக் கண்ணுக்குத் தெரியும்? கையையும் கழுத்தையும் நீட்டிப் பின்னிப் பின்னிப் பிடரி கல்லாகிப்போனது. நிமிர்ந்து உட்கார் என்று தினமும் அதட்ட அங்கே ஒரு மேற்பார்வை அம்மாள் இருந்தாள். முன்னும் பின்னும் ஒரே மட்டமான உடம்பு அவளுக்கு. அவளுக்கு என்ன தெரியும்.

உன் அப்பாவுக்கு ரப்பர்த் தோட்டத்தில் கணக்குப்பிள்ளை வேலை கிடைத்து இந்தக் குலசேகரத்துக்கு வந்தோம். நீ பிறந்தபின் மார்பு இன்னும் பெருத்தது. பால் வற்றிய பிறகும் குறையவில்லை. காடாத் துணியில் நானே கச்சு தைத்துத் தோளில் பட்டி வைத்துக் கட்டுவேன். அந்தப் பட்டி அழுத்தி அழுத்தி, விரல் பதிகிற அளவுக்குப் பள்ளம். மழைக்காலத்தில் மார்புக்கு அடியில் வேர்வை காயாமல் புண் வரும். இந்த ஊரில் எது மழைக்காலம் இல்லை? மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போட்டும் ஆறாது. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும். விரல்கள் மரத்துப்போய் ரேந்தைக் குச்சி நழுவும். ஊர்ப்பெண்களுக்கு இதில் எதுவும் கண்ணில் படவில்லை. எனக்கென்ன, கொடுத்து வைத்தவள் என்று கேலி செய்தார்கள். சந்தைக்குப் போனால் எந்த ஆணும் என் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. நீயும் இதையெல்லாம் தனியாகவே பட்டுக்கொண்டிருந்திருக்கிறாய் என்று நேற்றுத்தான் எனக்குத் தெரிந்தது. படிக்கும்போது எனக்கு அழுகை வந்தது.

விரல் மரத்துப்போவதைக் காட்டத்தான் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வெள்ளைக்கார டாக்டர் என் தோள் பள்ளத்தைப் பார்த்தார். நர்ஸம்மாவை வைத்துக்கொண்டு எல்லாம் விசாரித்துவிட்டு, பாரத்தை அறுத்துக் குறைக்கலாம் என்றார். நான் உடனே சரி என்றுவிட்டேன். அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. நோயில்லாத உடம்பில் கத்தி வைப்பது சின்னக் காரியமில்லை, பாரம் தாங்காமல் கேட்கிறாயா, பிறர் பேச்சுத் தாங்காமல் கேட்கிறாயா என்று வீட்டில் போய் யோசித்துவிட்டு வா என்று அனுப்பிவிட்டார். அந்தக் கேள்வியை உனக்கும் தருகிறேன். பின்வரிசைப் பெண்களின் சிரிப்புக்காக என்றால் வேண்டாம். நீ கண்ணாடி போட்டாலும் அதுகள் சிரிக்கும். கழுத்துக்காகவும் மூச்சுக்காகவும் என்றால் மேலே படி.

முதலில் பெரியம்மையிடம் சொன்னேன். ஆஸ்பத்திரியில் என்னோடு கூட்டிருக்க ஒரு பெண் வேண்டும், எனக்கு அவளை விட்டால் வேறு யார்? அவள் கொதித்துப்போனாள். இந்தச் சீமையில் நம் பெண்கள் மார்பை மறைக்கவே கூடாது என்று ஒரு காலத்தில் மேல்சாதிக்காரர்கள் வைத்திருந்தார்கள். சபையில் சேர்ந்தவர்கள் குப்பாயச் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது, அதைக் கிழித்தெறிந்து அடித்தார்கள். அடி வாங்கியும் போட்டார்கள். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த பெரியம்மைக்கு மேற்சட்டை என்பது வேதபுத்தகத்துக்கு அடுத்தபடி.

“நம்ம ஆளுவ மார மறைக்கதுக்கு அடியும் உதையும் வாங்கினாவ. இப்ப நீ போயி ஒரு அன்னிய ஆம்பிளைக்க முன்ன அத அவுத்துக் காட்டப் போறியா ஏட்டி?”

“மறைச்சாலும் செமக்கது நானாக்கும் அக்கா” என்றேன்.

அவள் என்னோடு வரமாட்டேன் என்றுவிட்டாள். உன்னை மட்டும் வைத்துக்கொள்கிறேன் என்றாள். அவள்மேல் எனக்கு இன்றைக்கும் கோபமில்லை என்று எழுதினால் அது பொய். ஆனால் அவள் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது என்று பிற்பாடு பலமுறை நினைத்திருக்கிறேன். அவர்கள் அடி வாங்கியது, தங்கள் உடம்பை என்ன செய்வது என்று தாங்களே தீர்மானிப்பதற்காகத்தானே? நானும் அதைத்தான் கேட்டேன். இதை அவளிடம் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். அதற்குள் அவளும் போய்விட்டாள்.

அடுத்தது உன் அப்பா. அவருக்கு நான் படுகிற பாடு தெரியும். போய்ச் செய்துகொள் என்று ஒரே பேச்சில் சொன்னவர் அவர்தான். ஆனால் பயந்துபோயிருந்தார். பயம் வந்தால் நம் சபைக்காரர்கள் செய்வது ஒன்றுதானே, உபதேசியாரிடம் போய் ஜெபிக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

“மாருல ஆபரேஷன்னு மட்டும்தான் சொன்னேன் பிள்ளே. வேற என்னத்தச் சொல்ல?”

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் உபதேசியார் என் பேரைச் சொல்லிக் கண்ணீரோடு மன்றாடினார். மார்பில் ஆபரேஷன் என்றால் அவருக்குத் தெரிந்த காரணம் ஒன்றே ஒன்றுதான், புற்று. இந்தச் சகோதரியைத் தேவரீர் அழைத்துக்கொள்ளச் சித்தமானால், அந்தச் சின்னப் பெண்பிள்ளைக்குத் தாயாக இரும் என்று அவர் கேட்டபோது சபை முழுதும் விம்மியது. நானும் பாயில் உட்கார்ந்திருக்கிறேன். எழுந்து என்னவென்று சொல்வேன்? உன் அப்பா ஆண்கள் பக்கத்தில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தார். அதைப் பார்த்து ஜனங்கள் மேலும் அழுதார்கள். அன்று சாயங்காலம் தொட்டு வீடு நிறைய ஆட்கள். ஒருத்தி இளநீர், ஒருத்தி பழக்குலை. என்னோடு சண்டை போட்டுப் பேசாதிருந்த ஒருத்தி வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனாள். வீட்டுக்குள் வந்து உன் அப்பாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம். அப்போது சிரிப்பாகத்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியைப் பற்றி எழுதுகிறேன், கவனமாகப் படி. பெண்கள் வார்டுக்குள் ஆண்கள் வரக்கூடாது. ஒவ்வொரு கட்டிலுக்கும் கூட்டிருக்க அம்மாவோ அக்காவோ நாத்தனாரோ இருந்தார்கள்; வெளியே கொட்டகையில் கஞ்சி வைத்துக் கொண்டுவருவார்கள். என் கட்டிலுக்கு யாருமில்லை. உன் அப்பா கொட்டகையில் பெண்களுக்கு நடுவே உட்கார்ந்து ஊதி ஊதிக் கஞ்சி வைத்து, ஆயாவிடம் கொடுத்தனுப்புவார். ஒருநாள் உப்பிருக்காது, ஒருநாள் உப்பு மட்டும்தான் இருக்கும். மூக்கில் குளோரோபாரம் வைத்தபோது இனிப்பாக ஒரு நாற்றம், பிறகு ஒன்றுமில்லை. விழித்தபோது நெஞ்சின்மேல் அம்மிக்கல்லை வைத்துக் கட்டியதுபோல் வலி. பாரம் குறைக்கப் போனவளுக்கு முதலில் கிடைத்தது அதுதான். வாந்தி எடுத்தால் தையல் இழுக்கும்; எடுக்காமலும் இருக்கமுடியாது. பக்கத்துக் கட்டில்காரியின் நாத்தனார்தான் என் தலையைப் பிடித்துக்கொண்டாள். அவள் பேர்கூட எனக்குத் தெரியாது.

கட்டுப் பிரித்த அன்று நர்ஸம்மாவும் டாக்டரும் இருந்தார்கள், என் ஆட்கள் யாருமில்லை. குனிந்து பார்த்தேன். இடுப்பில் கட்டியிருந்த சேலையின் கொசுவம் தெரிந்தது. எத்தனையோ வருஷமாகக் குனிந்தால் எனக்கு அது தெரிந்ததில்லை. சந்தோஷப்பட வாயைத் திறந்தவள் அழுதுவிட்டேன். அது என் உடம்பாகவே இல்லை. காம்பைச் சுற்றி ஒரு தையல், அங்கிருந்து கீழே ஒன்று, அடி மடிப்பில் நெடுக ஒன்று. இரண்டு பக்கமும் ஒரே அளவாகவும் இல்லை. சில நாளில் இடது பக்கக் காம்பு கறுத்து, காய்ந்து, உதிர்ந்துபோனது. அங்கே ரத்த ஓட்டம் போதவில்லை, அப்படி ஆகலாம் என்று முதலிலேயே சொன்னேனே என்று டாக்டர் வருத்தத்தோடு சொன்னார். சொல்லியிருந்தார், உண்மை. நான்தான் காதில் வாங்கவில்லை. குறையும் என்ற ஒரு வார்த்தையைக் கேட்டபின் வேறெதுவும் என் காதில் விழவில்லை. அதனால்தான் உனக்கு இவ்வளவு விளக்கமாக எழுதுகிறேன். லேடி டாக்டரிடம் போகும்போது யாரையாவது கூட்டிக்கொண்டு போ. உன் காதில் விழாதது கூட வருகிறவள் காதில் விழட்டும். இதற்குமுன் எத்தனை பேருக்கு இதைச் செய்தீர்கள், அவர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று கேள். எங்கே வெட்டுவார், எங்கே தைப்பார் என்று கேள். தழும்பு போகாது, சிலருக்கு வெளுத்து மங்கும், எனக்கு வலது அடியில் கயிறுபோல் தடித்துவிட்டது. தொட்டால் உணர்ச்சி இருக்குமா என்று கேட்க வெட்கப்படாதே. எனக்கு வலது பக்கம் பாதி திரும்பி வந்தது, இடது பக்கம் வரவேயில்லை. புண்ணில் சீழ் வைக்கலாம், காய்ச்சல் வரலாம், ரத்தம் உள்ளே கட்டி மறுபடியும் திறக்க வேண்டிவரலாம். உன் உடம்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறதா, நின்றுவிட்டதா என்றும் கேட்டுக்கொள், ஏனென்றால் அறுத்தபின்னும் வளரலாம். ஆபரேஷனுக்குப் பின் பல வாரம் குடம் தூக்கக்கூடாது, கொடியில் துணி போடக்கூடாது, தலைகூடப் பிறர்தான் சீவிவிட வேண்டும். பிள்ளையைத் தூக்கவும் கூடாது. அன்றைக்கு உன்னைத் தூக்காத காரணம் இப்போது தெரிந்ததா?

திரும்பி வந்தபின் சபையில் நடந்ததையும் சொல்லவேண்டும். நான் உயிரோடு வந்ததற்கு ஸ்தோத்திர ஆராதனையே வைத்தார்கள். பெண்கள் கூட்டத்தில் ஒரு அக்கா, புற்றை முழுதும் எடுத்துவிட்டார்களா என்று கேட்டாள். ஆமாம் என்று தலையசைத்திருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். பெரியம்மையும் அப்படியே சொல்லிவிடச் சொல்லி ஆளனுப்பியிருந்தாள். ஆனால் புற்று வந்து நிஜமாகவே செத்தவர்கள் அந்தச் சபையில் உண்டு. அவர்கள் பிள்ளைகள் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். என்னால் தலையசைக்க முடியவில்லை.

“ஏட்டி, அப்போ ஒனக்கு தீனம் ஒண்ணும் இல்லியா?”

“இல்லக்கா. பாரமாக்கும் இருந்தது. தாங்க முடியல்ல, கொறச்சேன்.”

திட்டியிருந்தால்கூடப் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அழுது ஜெபித்ததெல்லாம் வீணாய்ப் போனதுபோல் அவர்கள் முகம் மாறிவிட்டது. இளநீர் கொண்டுவந்தவள் என்னைப் பார்க்காமல் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினாள். அடுத்த ஞாயிறு தொட்டு நான் உட்கார்ந்த பாயில் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. கொஞ்ச நாளில் சரியாகும் என்று உன் அப்பா சொன்னார். கொஞ்ச நாள் வருஷமாயிற்று. பேசுகிறார்கள், சிரிக்கிறார்கள், கல்யாணத்துக்குக் கூப்பிடுகிறார்கள்; அந்தப் பாயில் ஓர் ஆள் இடம் மட்டும் காலியாகவே இருக்கிறது. அவர் இருந்தவரை அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அவர் போனபின் தெரிகிறது.

சந்தோஷத்தை எழுதாவிட்டால் இந்தக் கடிதமே அநியாயம். புண் ஆறியபின் முதன்முதலாக ரேந்தைத் தலையணையை மடியில், மடியிலேயே வைத்தேன். குச்சிகள் கண்ணுக்கு நேராக இருந்தன. மல்லாந்து படுத்து மூச்சை இழுத்துவிட்டேன். மூச்சு உள்ளே போய்க்கொண்டே இருந்தது. ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியபோது ரப்பர் மரங்களுக்கு நடுவே மழையில் அதைத் துரத்திக்கொண்டு ஓடினேன், மகளே. சின்னப் பிள்ளைப் பருவத்துக்குப் பிறகு நான் ஓடியது அன்றுதான். தோட்டத்து ஆட்கள் கணக்குப்பிள்ளை வீட்டுக்காரிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள். புண் வரவில்லை, விரல் மரக்கவில்லை. தோள்பள்ளம் மட்டும் இன்றும் இருக்கிறது. உன் அப்பா தழும்புக்குத் தேங்காயெண்ணெய் தடவிவிடுவார். முதல் நாள் விரல் நுனியால் மட்டும் தொட்டார். பிறகு பழகிவிட்டது. அவர் ஒருநாளும் அதைப்பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் கேட்கவுமில்லை.

இரண்டு வருஷம் கழித்து உன் தம்பி பிறந்தான். இதைத்தான் நீ முக்கியமாகப் படிக்கவேண்டும். பால் வரலாம், வராமலும் போகலாம், முன்கூட்டிச் சொல்லமுடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். உனக்கு இரண்டு வயதுவரை கொடுத்தவள் நான். ஆகவே வரும் என்று நம்பினேன். வலது பக்கம் வீங்கிக் கல்லாகிக் காய்ச்சல் வந்தது. பால் வரப் பாதை இல்லை. இரண்டொரு சொட்டு வரும், பிள்ளை சப்பிப் பார்த்துவிட்டு வீறிடும். இடது பக்கத்தில் வாய் வைக்க எதுவுமே இல்லை. ஆட்டுப்பாலில் வெந்நீர் கலந்து பஞ்சில் நனைத்து வைத்தோம். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் மெலிந்துபோனான். தோட்டத்தில் ரப்பர் வெட்டுகிற ஒருவருடைய மனைவி முத்தம்மை, வைகுண்டரைக் கும்பிடுகிற அய்யாவழிக்காரி, நம் சபையில்லாதவள், அவளுக்கும் அப்போது கைப்பிள்ளை. அழுகையைக் கேட்டு வந்தவள் வாசலில் நின்றபடியே கையை நீட்டினாள்.

“ரெண்டு பிள்ளைக்கும் உள்ள பாலு எனக்கிட்ட உண்டு. இஞ்ச தா மக்கா.”

கொடுத்தேன். அவன் குடிக்கிற சத்தம் கேட்டது. எனக்கு நன்றியும் பொறாமையும் சேர்ந்து வந்தது. முத்தம்மையின் முகத்தைப் பார்க்கமுடியாமல் கொல்லைப்பக்கம் போய் நின்றேன். பல மாதம் அப்படித்தான் நடந்தது. அவள் வருவாள், நான் கொல்லைக்குப் போவேன். அவன் அவளைக் கண்டால் சிரித்தான், என்னைக் கண்டால் தூங்கினான். அந்த மாதங்களில்தான் நான் மிகவும் தனியாக இருந்தேன், ஆஸ்பத்திரிக் கட்டிலைவிட. இன்று அவன் நாகர்கோவில் போர்டிங்கில் பந்து அடித்துச் சட்டை கிழித்துக்கொண்டு நன்றாக இருக்கிறான். அது வேறு. நான் அப்போது பட்டது இல்லை என்று ஆகிவிடாது. பிள்ளைப்பேறு முடிந்தபின் செய்துகொள்ளலாம் என்று பொறுக்கமுடிந்தால் பொறுத்துப்பார். பொறுக்கமுடியாது என்றால் அது உனக்குத்தான் தெரியும். உன் கழுத்தில் என் கழுத்துவலி இருக்கிறது, ஆகவே பொறு என்று உத்தரவு போட எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த மாதம் சபையில் யாருக்காவது தடை உண்டா என்று கேட்டு உங்கள் கல்யாண ஓலை வாசிக்கப்போகிறார்கள். அதற்கு முன்னால் உனக்கு நிச்சயித்திருக்கிற பையனிடம் நீயே சொல்லிவிடு. அப்பா செய்ததுபோல் பாதியைச் சொல்லி மீதியை ஊர் இட்டு நிரப்பும்படி விடவேண்டாம். கழுத்து வலி, மூச்சு, தழும்பு, பால் வராமல் போகலாம் என்பது, எல்லாவற்றையும் சொல். வாத்தியார் வேலை பார்க்கிறவன், முழு வாக்கியமாகச் சொன்னால் புரியும். அவன் அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றால் பொறு. அவன் அம்மா வேண்டாம் என்கிறாள் என்று மட்டும் வந்து சொன்னால், அவன் என்ன சொல்கிறான் என்று கேள். அதற்கு அவனிடம் பதில் இல்லையென்றால் ஓலை வாசிப்பை நிறுத்திவிட்டு எனக்கு எழுது. சபையில் நான் பார்த்துக்கொள்கிறேன். என்னோடு புதிதாக மனஸ்தாபப்பட இனி அவர்களிடம் எதுவும் மிச்சமில்லை.

நல்லதா கெட்டதா என்று கேட்டாய். மறுபடியும் அந்த மேஜைமேல் படுப்பேனா என்றால், படுப்பேன். மறுபடியும் கொல்லையில் போய் நின்று அழுவேனா என்றால், அழுவேன். இரண்டையும் கூட்டிக் கழித்து ஒன்றாக்கப் பார்த்தேன், முடியவில்லை. உனக்கு எது நேரும் என்று எனக்கும் தெரியாது, அந்த லேடி டாக்டருக்கும் தெரியாது.

ஒன்று மட்டும் செய். முடிவு சொல்வதற்கு முன்னால், பள்ளிக்கூடத்தில் லீவு கேட்டு ஒருமுறை இங்கே வா. டாக்டர் எனக்குக் காகிதத்தில் பென்சிலால் படம் போட்டுக் காட்டினார். இரண்டு வட்டமும் நாலு கோடும். அதைப் பார்த்துத்தான் நான் சம்மதித்தேன். ஆறிப்போன ஒரு உடம்பை எனக்கு யாரும் காட்டவில்லை, காட்ட ஆளும் இல்லை. நான் எவ்வளவு எழுதினாலும் இதுவும் ஒரு படம்தான். உன் அப்பாவுக்குப் பிறகு என் மார்பை யாரும் பார்த்ததில்லை. நீ வா. கதவைச் சாத்திவிட்டு, வெளிச்சத்துக்கு ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு, உன் முன்னால் சட்டையைக் கழற்றிக் காட்டுகிறேன். வேண்டிய நேரம் பார். கை வைத்துப் பார்க்கவேண்டுமென்றாலும் பார். அதற்கப்புறம் சொல்.

அம்மா